ஊசி இறக்கும் சாமி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சந்து. மற்ற நாட்களில் நாய் படுத்துத் தூங்கும். திங்கட்கிழமை காலையில் மட்டும் நாய்க்கும் நிற்க இடம் கிடைக்காது. குண்டசாலையிலிருந்து த்ரீவீல் பிடித்து வருகிறார்கள். கம்பளையிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். வருகிறவர்களிடம் ஒரு கையில் துணிமூட்டை, மூட்டைக்குள் பச்சைக் குழந்தை. மறுகையில் ஒரு பால்மா பக்கட். குழந்தையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பால்மாவைக் கொண்டுபோக முடியாது. அது சாமிக்கு.

எந்தச் சாமி? ஊசி இறக்கும் சாமி! பாம்பு விஷம் இறக்குகிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பேய் இறக்குகிறவர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதெல்லாம் பழைய சரக்கு. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு, வீட்டுக்கு அனுப்புமுன் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா? அதை நம்முடைய சாமி திரும்ப இறக்கிவிடுவார். உள்ளே போனதை எப்படி ஐயா வெளியே எடுப்பது என்று கேட்கிறீர்களா? அப்படிக் கேட்கிறவர்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை.

சாமி குழந்தையைத் தொடமாட்டார், பார்க்கவும் மாட்டார். பிள்ளை பெற்ற தீட்டு! ஆகவே பிள்ளையை உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொண்டு வர வேண்டும். தாய்தான் மூட்டைக்குள் கையை விட்டு, செம்பிலிருக்கும் தீர்த்தத்தால் பிள்ளையின் தோளை நனைக்க வேண்டும். பிறகு சாமி கொடுக்கும் மஞ்சள் துணியை அதே இடத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே மஞ்சளாகப் போன துணி வெளியே சிவப்பாக வரும். அதுதான் ஊசி நஞ்சாம்! கூட்டம் அரோகரா போடும். கத்தோலிக்கர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். முஸ்லிம்கள் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடி வரிசையில் நகர்வார்கள். இத்தனை மதத்தாரை ஒற்றுமையாக ஒரே வரிசையில் நிறுத்த எந்த அரசியல்வாதியாலும் முடிந்ததில்லை, சாமியால் முடிந்தது.

தீட்டு எப்போது கழியும்? பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் கழியும். கோயிலுக்கு எப்போது போகலாம்? நஞ்சு முழுக்க இறங்கினால் போகலாம். நஞ்சு எப்போது இறங்கும்? சாமி சொல்லும்போது இறங்கும். சாமி எப்போது சொல்வார்? பால்மா கொண்டுவந்தவர்களின் கை சோர்ந்து, இனி வரமாட்டார்கள் என்று தெரியும்போது சொல்வார். அன்றைக்கு மட்டும் வேறொரு செம்பை எடுப்பார், துணி மஞ்சளாகவே வரும். பெற்றவர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். சாமியின் மச்சான் கடையில் பால்மாவுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வருவதில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் நிரோஷினியும் நின்றாள். தலைச்சன் பிள்ளைக்காரி. மகன் துஷாந்துக்கு இன்னும் சில நாளில் இரண்டு மாதம். அவள் புருஷன் கஜேந்திரன் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறவன், நல்லவன், தாய் சொல்லைத் தட்டாதவன். அந்தத் தாய் இராஜகுமாரி. ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் மருந்து சொல்கிறவள். தன் வருத்தத்துக்கு மட்டும் டொக்டரிடம் போகிறவள்.

எல்லாம் பிள்ளையின் தோளில் வந்த ஒரு சின்னக் கட்டியில் தொடங்கியது. ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவு வீங்கி, நுனியில் கொஞ்சம் சீழ் கட்டியது.

"பாத்தியா, பாத்தியா! உள்ள போன நஞ்சு வெளிய வர வழி தேடுது!" என்றாள் இராஜகுமாரி.

"மாமி, மிட்வைஃப் மிஸ் வந்து பாத்தாங்க. ஊசி வேலை செய்யிறதுக்கு அடையாளமாம். தானா ஆறிடும், ஒண்ணும் பூசாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"மிஸ்ஸுக்கு என்னா தெரியும்? அவ சம்பளத்துக்குச் சொல்றா. சாமி காசு வாங்காம சும்மா சொல்றாரு."

பால்மா வாங்கிக்கொண்டு சொல்வது சும்மா சொல்வதுதான் என்று இராஜகுமாரியின் கணக்கு. உண்மையைச் சொன்னால், சாமியிடம் போய்வந்த பிறகு நிரோஷினியும் பாதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தன் கையாலேயே ஒற்றி, தன் கையாலேயே சிவப்புத் துணியை வெளியே எடுத்தாளே! ஒருமுறை அல்ல, இரண்டு திங்கட்கிழமை. இரண்டாம் முறை சாமி கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"நஞ்சு கெட்டியா புடிச்சிருக்கு. நான் இறக்கி முடிக்கிற வரைக்கும் இந்த உடம்புல இன்னொரு ஊசி ஏறக்கூடாது. ஏறினா பிள்ளைக்கு நான் பொறுப்பில்ல."

ஏறாவிட்டால் மட்டும் பொறுப்பெடுப்பாரா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் மாத ஊசிக்குக் கிளினிக்கில் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை சாமியிடம் போவது, புதன்கிழமை கிளினிக்குக்குப் போகாமல் இருப்பது. தாய் சொன்னாள், மகன் தலையாட்டினான். பெற்றவளை ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எதிர்வீட்டு ஸனா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். அவளும் மூட்டையோடு அந்த வரிசையில் நின்றவள்தான். அவளுடைய பிள்ளைக்கு மூன்று மாதம் நடக்கிறது.

"நிரோஷினி, எண்ட புள்ள இருமி இருமி மூச்சே வரல்ல. மொகமெல்லாம் நீலமாப் போச்சி. கக்குவானாம். ரெண்டு மாச ஊசியப் போட்டிருந்தா இவ்வளவு கடுமையா வந்திருக்காது எண்டு டொக்டர் சொல்றார். நான்தான் அந்தச் சாமிட பேச்சக் கேட்டு போடாம உட்டுட்டேன். நீங்க உடாதீங்க, அல்லாவுக்காக உடாதீங்க."

நிரோஷினி போனை அப்படியே வைத்தாள். தொட்டிலருகே ஓடினாள். துஷாந்த் விரலைச் சூப்பிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இவனுக்கு இப்படி ஒன்று வந்தால் நான் உயிரோடு இருப்பேனா என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சிவப்புத் துணி? ஊசி போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். அழுகை அழுகையாக வந்தது.

அழுதாலும் வீட்டு வேலை நிற்குமா? புருஷனின் வெள்ளைச் சட்டையைத் தோய்க்க எடுத்தாள். மார்பில் பருப்புக் கறி சிந்திய மஞ்சள் கறை. தண்ணீரில் நனைத்துச் சவர்க்காரம் போட்டாள்.

கறை சிவந்தது.

இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது துணி தோய்க்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தங்கள் வீட்டில் துணி தோய்க்கும் பேசினில் பார்த்தால் அது கறை, சாமி வீட்டில் பார்த்தால் நஞ்சு! சாமியின் தீர்த்தம் விரலிடுக்கில் வழுவழுவென்று நின்றது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சலவைச் சோடா கரைத்த தண்ணீர் அப்படித்தான் வழுக்கும். அடுப்படிக்கு ஓடி ஒரு துணித் துண்டில் மஞ்சளைக் கரைத்து நனைத்தாள். இன்னொரு கோப்பையில் சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் துணியின் நுனியை வைத்தாள். அதே இரத்தச் சிவப்பு.

"அட படுபாவி!" என்றாள் வாய்விட்டு. "இந்தத் தண்ணியவா எம் பிள்ள தோள்ல ஊத்த வச்ச?"

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். கஜேந்திரன் கோப்பையைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், தாயின் அறைப் பக்கம் பார்த்தான்.

"இது சவுக்காரச் சிவப்பு, நிரோ. அது நஞ்சுச் சிவப்பு. ரெண்டும் வேற வேற."

"என்னாங்க வித்தியாசம்?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாது. சாமிக்குத்தான் தெரியும்."

புடவைக் கடையில் கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் வித்தியாசம் சொல்லி விற்கிறவன் அவன். இதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை என்று நிரோஷினிக்குத் தெரிந்துவிட்டது. இராஜகுமாரியோ சோடாக் கோப்பையைக் கண்டதும் சாமி குத்தம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிரோஷினி பக்கத்து வீட்டு டொரதியிடம் போய்ப் புலம்பினாள். டொரதி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. அப்போதுதான் பேக்கரியிலிருந்து அடுப்புச் சூடு ஆறாத ஒரு முழுப் பாண் வாங்கி வந்திருந்தாள். முழுதையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"தங்கச்சி, அந்த ஆளு பிள்ளையத் தொட மாட்டாருதானே?"

"மாட்டாரு."

"மூடுன துணியத் தொறந்து பாக்கவும் மாட்டாரு?"

"தீட்டுன்னு சொல்லுவாரு, அக்கா."

"அப்ப அங்க பிள்ளை என்னாத்துக்கு?" என்று டொரதி பாணைத் தூக்கிக் காட்டினாள். "இது போதுமே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. துஷாந்த் வயிறு நிறையக் குடித்துவிட்டு டொரதி வீட்டில் நிம்மதியாகத் தூங்கினான். வெட்டாமல் ஒட்டியபடி வாங்கிய மூன்று பாண், அவனுடைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, துவாயில் சுற்றிக்கொண்டு, தாயின் மார்பில் சாய்ந்து த்ரீவீலில் ஏறியது.

"நான் கொஞ்சம் தூக்குறேனே," என்றான் கஜேந்திரன்.

"வேணாங்க, இப்பதான் தூங்கினான். முழிச்சா கத்துவான்."

இராஜகுமாரி காற்றுப் படாமல் துவாயை இழுத்து இழுத்து மூடினாள். "என் ராசா! என் தங்கக்கட்டி!" என்று பாணைக் கொஞ்சினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "என்னாடி, பேக்கரி வாசம் வருது?"

"ரோட்டோரம் பேக்கரிதானே மாமி."

த்ரீவீல் எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் பேக்கரி இருந்ததாக அன்று இராஜகுமாரி நம்பினாள். சாமியை நம்பியவளுக்கு இதை நம்புவது பெரிய காரியமா?

வரிசையில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டுக் கத்தின. கம்பளையிலிருந்து மகளையும் பேத்தியையும் கூட்டிவந்த வடிவம்மா என்ற பெண் நிரோஷினியின் மூட்டையைப் பொறாமையோடு பார்த்தாள்.

"எம்புட்டு அமைதியான பிள்ள! எங்களோடது ராவும் பகலும் தொண்டை கிழியக் கத்துது. என்னா பால் குடுக்கிறீங்க?"

"பட்டர் பூசினா போதும்," என்று நிரோஷினி வாய்க்குள் முனகினாள்.

முறை வந்தது. சாமி மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மடியில் போன் சகிதம் அமர்ந்திருந்தார். மூட்டை அருகில் வந்ததும் மூக்கு விடைத்தது.

"ஆகா! பிள்ளைகிட்ட ஒரு தெய்வ வாசனை வருது."

"அரோகரா!" என்றது கூட்டம்.

நிரோஷினி செம்பில் கையை நனைத்து மூட்டைக்குள் விட்டாள். பாணின் இடது தோளில், அதாவது இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில், நன்றாகத் தடவினாள். மஞ்சள் துணியை வாங்கி ஒற்றினாள். வெளியே எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு!

"அடேயப்பா!" சாமி நடுங்கிக் காட்டினார். "தோள்ல இருந்த நஞ்சு நெஞ்சுக்கு இறங்கிடுச்சு. புதன்கிழமை ஊசி போட்டீங்க, அவ்வளவுதான். இன்னும் மூணு வாரம் வரணும்."

"சாமி," நிரோஷினி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள், "ஆஸ்பத்திரி ஊசி போடாத உடம்புல ஒற்றினா துணி சிவக்குமா?"

"சிவக்கவே சிவக்காது! ஊசி ஏறின உடம்பு மட்டும்தான் இந்தத் துணியச் சிவக்க வைக்கும். இது சத்தியம்!"

நிரோஷினி துவாயை அவிழ்த்தாள்.

தொப்பி போட்ட மூன்று பாண். ஒரு பக்கத்தில் சிவப்புத் திட்டு.

"அப்ப சொல்லுங்க சாமி. இந்தப் பாணுக்கு எந்த ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க?"

கூட்டம் எட்டி எட்டிப் பாணைப் பார்த்தது. சாமியும்தான். ஆனால் தொழில்காரர் அல்லவா, சட்டென்று எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

"பார்த்தீங்களா ஜனங்களே! என்னைச் சோதிச்சா இதுதான் நடக்கும்! தெய்வம் கோவிச்சுப் பிள்ளையப் பாணாக்கிடுச்சு!"

அரோகரா என்ற சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கும். சிலர் பாணுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். சாமி லேசாகப் புன்னகைத்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தார்.

பாவம், இராஜகுமாரியை அவர் மறந்துவிட்டார்.

"ஐயோ என் பேரன்!" என்று ஓர் அலறல். பாய்ந்து போய்ச் சாமியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பாணாக்கினியா? எங்க வம்சத்தையே பாணாக்கினியா? மாத்து! இப்பவே திருப்பி மாத்து!"

"அம்மா, விடுங்க, அது தெய்வத்தோட..."

"தெய்வம் உன் பேச்சக் கேக்கும்னு நீதானே சொன்ன? கேக்கச் சொல்லு! மாத்தாம நீ இங்க இருந்து அசைய முடியாது!"

சாமியை நம்பாதவள் சாமியை என்ன செய்ய முடியும்? ஒரு கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். முழுக்க நம்புகிறவளிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். கஜேந்திரனும் அழுதுகொண்டே மறுபக்கம் பிடித்துக்கொண்டான். பிள்ளை வைத்திருந்த தாய்மாரெல்லாம் தங்கள் மூட்டைகளை அவசர அவசரமாக அவிழ்த்துப் பார்த்தார்கள். "எங்க பிள்ளையையும் மாத்திடுவானோ!" என்று ஒருத்தி கத்த, கூட்டம் சாமியைச் சுற்றி நெருக்கியது. மாத்து, மாத்து என்று நாலு பக்கமும் கூச்சல். வேட்டி கழன்று விழுகிற நிலை.

"ஐயோ, விடுங்க! அது பாண்!" சாமி கதறினார். "வெறும் பாண்! பேக்கரிப் பாண்! அந்தப் பொம்பளதான் கொண்டாந்தா! என்னால எதையும் எதுவாவும் மாத்த முடியாதுங்க!"

"பாணுன்னா எப்படிச் சிவந்துச்சு?" என்றாள் நிரோஷினி.

சாமியின் கண் செம்புப் பக்கம் போனது.

"நான் சொல்றேன்," என்று அவள் அந்தச் செம்பை எடுத்து அடுத்த பெண்ணின் உள்ளங்கையில் ஊற்றினாள். "விரலைத் தேச்சுப் பாருங்க அக்கா. வழுக்குதா? சலவைச் சோடா. துணியில இருக்கிறது கறி மஞ்சள். நீங்க வீட்டுல துணி தோய்க்கிறதே இல்லையா?"

அந்தப் பெண் விரலைத் தேய்த்தாள். மஞ்சள் துணியைத் தன் கையிலேயே ஒற்றினாள். சிவந்தது. "அட ஆமா! சவுக்காரம் பட்ட கறிக் கறை!" செம்பு கைமாறியது. தொட்ட கையெல்லாம் சிவந்தது. கஜேந்திரனின் கையும் சிவந்தது. அவன் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வடிவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விபூதி வழிந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அடப்பாவி! நீ மயில்வாகனம்தானே? கம்பளையில வீடு வீடா சலவைச் சோடா வித்தவன்! என் வீட்டு மேசைச் சீலையில கறியை ஊத்தி, சிவப்பாக்கிக் காட்டி, பெறகு வெளுத்துக் காட்டுவியே!"

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளறையில் அடுக்கியிருந்த பால்மா எல்லாம் வெளியே வந்தது. எந்தப் பக்கட் யாருடையது என்று கொஞ்ச நேரம் அடிபிடி. அதற்குள் மயில்வாகனம் பின்வாசலால் ஆற்றோரமாக ஓடிவிட்டார். டொரதி வீட்டில் பேரன் பேரனாகவே இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் இராஜகுமாரியின் அழுகை நின்றது. அப்புறம் மருமகளை ஒரு மணி நேரம் திட்டினாள், அது வேறு கதை. அந்தப் பாணில் ஒரு துண்டு கிடைக்குமா, வீட்டில் வைத்தால் நல்லது என்று ஒருவர் த்ரீவீல் வரைக்கும் பின்னாலேயே வந்து கேட்டதையும் சொல்லாமல் விடக்கூடாது.

புதன்கிழமை கிளினிக்குக்குப் பிள்ளையைக் கஜேந்திரன்தான் தூக்கி வந்தான். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு வியர்த்து ஊற்றியது.

"நிரோ, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. எனக்குச் சின்ன வயசில இருந்தே ஊசின்னா பயம். சாமி ஊசி வேணாம்னு சொன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. அதான் நம்பினேன்."

நிரோஷினி சிரிக்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பயத்துக்கு இவன் ஏங்க இருமணும்?" என்று மட்டும் கேட்டாள். ஸனாவின் பிள்ளை தேறி வருவதாக அன்று காலைதான் செய்தி வந்திருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள். கஜேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மகனின் தொடையைப் பிடித்துக்கொண்டான். ஊசி போனது. துஷாந்த் ஒரு கத்துக் கத்தினான், தாயின் மார்பில் முகம் புதைத்தான், அத்தோடு மறந்துவிட்டான். காய்ச்சல் கொஞ்சம் வரலாம், பயப்படாதீங்க என்று மிஸ் சொல்லி அனுப்பினாள்.

அவனுக்கென்று யோசிக்கிற வயது வர இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. அதுவரைக்கும் அவனுக்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான். ஒருமுறை யோசித்துத்தான் பாருங்களேன். ஊசி அளவுக்குக்கூட வலிக்காது.